அண்டிக்கறை யார் கணக்கில்?

ரேஷன் கடை மிஷினில் என் பெரியம்மையின் கைரேகை விழாது. முதலில் பெருவிரல், அப்புறம் சுட்டுவிரல், அப்புறம் இடது கை என்று ஒவ்வொன்றாக வைத்துப் பார்ப்பார்கள். சிவப்பு விளக்குதான் எரியும். "அம்மா, கையைச் சேலையில நல்லா தொடச்சிட்டு வையுங்க" என்பார் கடைக்காரர். துடைத்தால் போகிற அழுக்கு எதுவும் அங்கே இல்லை. முப்பது வருடம் அண்டி ஆபீஸில் இருந்த விரல்கள் அவை. ரேகை தேய்ந்து நுனி வழவழவென்று ஆகிவிட்டது. கடைசியில் என் தம்பியின் போனுக்கு வரும் ஓடிபியைச் சொல்லித்தான் அரிசி வாங்கி வருவார்.

வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன்: அண்டி ஆபீஸ் என்றால் முந்திரி ஆலை. கொல்லாமரத்தின் கொட்டையை எங்கள் பக்கம் அண்டி என்போம். அதை உடைத்துப் பருப்பெடுக்கிற இடத்துக்கு எந்தக் காலத்திலோ யாரோ ஆபீஸ் என்று பெயர் வைத்துவிட்டார்கள். நாற்காலி மட்டும் கிடையாது. தரையிலோ தாழ்ந்த பலகையிலோ உட்கார்ந்துதான் வேலை. மார்த்தாண்டம், கருங்கல், அருமனை, குலசேகரம் என்று கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குப் பக்கம் காலையில் பெண்கள் தூக்குவாளியும் பையுமாகக் கூட்டமாக நடந்து போனால், எங்கே போகிறார்கள் என்று யாரும் கேட்க மாட்டார்கள்.

முந்திரிக் கொட்டையின் ஓட்டுக்குள் ஓர் எண்ணெய் இருக்கிறது. அனகார்டிக் அமிலம், கார்டால் என்று அதிலுள்ளவற்றுக்கு வேதியியல் பெயர்கள். வண்டி பிரேக் லைனிங்குக்கும் பெயின்டுக்கும் பயன்படுகிற சரக்கு அது. தோலில் பட்டால் வெந்து, கறுத்து, உரியும். ட்ரம்மில் வறுத்த கொட்டையைக் கல்லில் வைத்து மரக்கட்டையால் அடித்து உடைப்பதை அண்டி தல்லுதல் என்பார்கள். கறை அதிகம் படுவது அதில்தான். கையில் சாம்பலைப் பூசிக்கொண்டு அடிப்பார்கள். உடைத்த பருப்பு போர்மா என்கிற சூட்டறையில் காயும். பிறகு அதன் சிவந்த தொலியைச் சிறு கத்தியால் சுரண்டி எடுப்பது பீலிங். கடைசியாக கிரேடிங். டபிள்யூ 320 என்றால் ஒரு பவுண்டு எடைக்கு 300 முதல் 320 முழுப்பருப்பு. டபிள்யூ 180 என்றால் பெரிய பருப்பு, பவுண்டுக்கு 170, 180தான் நிற்கும். உடைந்தது எல்லாம் வேறு கணக்கு, வேறு விலை. வறுப்பில் ஆண்கள், அவர்களுக்கு நாள் கூலி. தல்லிலும் பீலிங்கிலும் பெண்கள், அவர்களுக்குக் கிலோ கூலி.

ஒரு தடவை அந்த ஆபீஸுக்கு வெளிநாட்டிலிருந்து ஆடிட் வந்தது. முந்தின நாளே எல்லாருக்கும் வெள்ளைத் தொப்பியும் கையுறையும் கொடுத்தார்கள். கண்ணாடி போட்ட ஒரு பெண் வரிசை வரிசையாக நடந்து வந்தார். மொழிபெயர்க்கக் கூடவே நடந்தவர் ஆலையின் மேனேஜர். எத்தனை மணிக்கு வேலை முடியும் என்று பெரியம்மையிடம் கேட்டார்கள். "அண்டி தீரும்போ போவோம்" என்று இவர் சொல்லியிருக்கிறார். மேனேஜர் அதை இங்கிலீஷில் சொன்னபோது "ஃபைவ்" என்ற ஒரு வார்த்தை மட்டும் இவருக்குப் புரிந்தது.

மறுநாள் கையுறையைத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். இந்தக் கதையைச் சின்ன வயதில் கேட்டபோது எனக்கு ஆத்திரம் வந்தது. பெரியம்மை சிரித்தார். "கேட்டியா மக்களே, அதைப் போட்டா கத்தி ஓடாது. தொலியும் பருப்பும் கைக்குத் தெரியாது. நாலு கிலோ ஒரிக்குற நேரத்துல ரெண்டு கிலோ ஒரிச்சா கூலி யாரு தருவா?"

அந்தக் கேள்வியை ஆடிட்டுக்கு வந்த பெண் கேட்கவே இல்லை. கையுறை இருக்கிறதா என்று பார்த்தார், இருந்தது, டிக் அடித்தார். கையுறை போட்டால் கூலி குறையும்படி ஏன் கிலோவுக்கு விலை வைத்திருக்கிறார்கள், அந்த விலையை யார் முடிவு செய்கிறார்கள் என்பதற்கு அவருடைய தாளில் கட்டம் கிடையாது. வெளிநாட்டு ஒப்பந்த ஆலைகளில் தொழிலாளிக்கு நடப்பவற்றுக்குப் பெரிய கம்பெனிகள் எவ்வளவு தூரம் பொறுப்பு என்ற விவாதம் முப்பது வருடத்துக்கு மேலாக உலகம் முழுக்க நடக்கிறது. அதில் பாதி இந்தக் கட்டத்தைச் சுற்றித்தான் நடக்கிறது என்பது என் எண்ணம்.

களியக்காவிளைக்கு இந்தப் பக்கம்

ஒப்பந்த ஆலை என்ற ஏற்பாட்டின் அடிப்படை எளிது. கம்பெனிக்குப் பொருள் வேண்டும், ஆலை வேண்டாம். ஆலை இருந்தால் தொழிலாளி இருப்பான், தொழிலாளி இருந்தால் சங்கம், போனஸ், கிராஜுவிட்டி, கோர்ட் எல்லாம் வரும். அதனால் வேறொருவனுடைய ஆலையில், வேறொரு நாட்டுச் சட்டத்தின் கீழ், செய்து வாங்கிக்கொள்வது. சரக்கு மட்டும் தன்னுடையது.

இதைப் படிக்க நாங்கள் கடல் தாண்ட வேண்டியதில்லை. கேரள எல்லையில் இருக்கிற களியக்காவிளை செக்போஸ்ட்டே போதும்.

முந்திரித் தொழிலின் தலைநகரம் கேரளத்தின் கொல்லம். 20ஆம் நூற்றாண்டின் முதல் பாதியிலேயே கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்து கொட்டை கப்பலில் வந்து, அங்கே உடைபட்டு, பருப்பாக அமெரிக்காவுக்குப் போனது. தொழிலாளர்களில் பெரும்பகுதி பெண்கள். சங்கமும் அங்கே சீக்கிரமே வேர் பிடித்தது. அப்போது விளவங்கோடும் கல்குளமும் கொல்லமும் ஒரே திருவிதாங்கூர் சமஸ்தானத்துக்குள்ளும், பிறகு திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்துக்குள்ளும் இருந்தன. 1956 நவம்பர் 1 அன்று கல்குளம், விளவங்கோடு, தோவாளை, அகஸ்தீஸ்வரம் ஆகிய நான்கு வட்டங்கள் அன்றைய சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. அந்த இணைப்புக்காக உயிர் கொடுத்தவர்கள் உண்டு, அதைப் பற்றி எங்களுக்குப் பெருமையும் உண்டு. ஆனால் அன்று போடப்பட்ட கோட்டுக்கு ஒரு பக்கவிளைவும் இருந்தது.

1948ஆம் ஆண்டின் குறைந்தபட்சக் கூலிச் சட்டப்படி இப்படிப்பட்ட தொழிலுக்குக் கூலி நிர்ணயித்தது மாநில அரசு. கோட்டுக்கு அந்தப் பக்கம் கூலியும் பஞ்சப்படியும் ஏறின, விதிகள் இறுகின. இந்தப் பக்கம் அவ்வளவு வேகம் இல்லை. கொல்லத்து முதலாளிகள் கணக்குப் போட்டார்கள். லாரியில் ஏற்றினால் சில மணி நேரம். பேசுவது இரண்டு மொழியும் தெரிந்த ஜனம். கை வேலை தெரிந்த பெண்கள். மூட்டை எல்லை தாண்டி வந்தது. உடைத்து, உரித்து, தரம் பிரித்த பருப்பு திரும்பிப் போனது. 1970களில் கேரள அரசு உள்ளூர்க் கொட்டையைத் தானே கொள்முதல் செய்து ஆலைகளுக்குப் பங்கிட முனைந்தபோது, கொட்டை எல்லை தாண்டிக் கடத்தப்படுவதே ஒரு தொழிலாக இருந்தது. வீட்டில் வைத்து வறுத்து உடைப்பதை அங்கே குடிவறுப்பு என்று பெயரிட்டுத் தடையும் செய்தார்கள். தடை செய்த வேலை எங்கேயும் மறைந்துவிடாது, இடம் மாறும். பெரியம்மை ஆபீஸிலிருந்து நின்ற பிறகு கொஞ்ச காலம் வீட்டுத் திண்ணையில் வைத்து உரித்தது அப்படி இடம் மாறி வந்த மூட்டைதான்.

கொல்லத்து முதலாளியிடம் கேட்டால் என்ன சொல்லியிருப்பார்? "அந்த ஆலை என் பேரில் இல்லை, அங்கே நடத்துகிறவர் வேறு, தமிழ்நாட்டுச் சட்டப்படி கூலி கொடுக்கிறார்." சட்டப்படி அது சரி. அமெரிக்க ஷூ கம்பெனிகளும் 1990களில் இதே பதிலைத்தான் சொன்னன.

நாங்கள் ஷூ செய்வதில்லை

நைக்கி கம்பெனி விற்ற ஷூக்கள் இந்தோனேசியாவிலும் வியட்நாமிலும் சீனாவிலும், பெரும்பாலும் தைவான், கொரிய முதலாளிகளின் ஆலைகளில் தயாராயின. கூலி, கட்டாய ஓவர்டைம், சூப்பர்வைசரின் அடி என்று 1990களின் தொடக்கத்திலிருந்து செய்திகள் வரத் தொடங்கியபோது கம்பெனியின் முதல் வாதம், நாங்கள் வடிவமைக்கிறோம், விற்கிறோம், ஆலை எங்களுடையது இல்லை என்பதுதான். 1996இல் பாகிஸ்தானின் சியால்கோட் பகுதியில் சிறுவன் ஒருவன் அந்தக் கம்பெனியின் கால்பந்தைத் தைத்துக்கொண்டிருக்கும் படம் ஓர் அமெரிக்கப் பத்திரிகையில் வந்த பிறகு அந்த வாதம் கடையில் எடுபடவில்லை. 1998 மே மாதம் அதன் தலைவர் ஃபில் நைட் வாஷிங்டனில் பத்திரிகையாளர்கள் முன்னால், தன் கம்பெனியின் பொருள் என்றாலே அடிமைக் கூலி, கட்டாய ஓவர்டைம், கொடுமை என்று ஆகிவிட்டதை ஒப்புக்கொண்டார். 2005இல் தனக்குச் சரக்கு கொடுக்கும் ஆலைகளின் பட்டியலை நைக்கி வெளியிட்டது. அதுவரை அது வணிக ரகசியம்.

இந்தக் கதையில் சட்டத்துக்குப் பெரிய வேலை இல்லை என்பதைக் கவனியுங்கள். நைக்கியைக் குனிய வைத்தது கோர்ட் கிடையாது. அமெரிக்கக் கல்லூரி மாணவர்களும் கடைவாசல் போராட்டங்களும்தான். பெயருக்கு விலை இருந்தது, பெயர் கெட்டால் நஷ்டம். அப்படிப் பெயர் இல்லாத பொருளுக்கு இந்த வழி திறக்காது. ஷூவில் முத்திரை உண்டு. சாக்குமூட்டைக் கொட்டையிலோ தகர டின்னில் அடைத்த பருப்பிலோ அது எங்கே உடைபட்டது என்று யார் பார்க்கிறார்கள்?

அதன் பிறகு பெரிய கம்பெனிகள் எல்லாம் நன்னடத்தை விதித்தொகுப்பு ஒன்றை எழுதி ஆலைச் சுவரில் ஒட்டச் சொன்னன. ஒட்டியிருக்கிறார்களா என்று பார்க்க ஆடிட் கம்பெனிகள் முளைத்தன. அது இப்போது தனியாக ஒரு பெரிய தொழில்.

ஆடிட் என்ற தொழில்

கராச்சியில் அலி எண்டர்பிரைசஸ் என்ற ஆயத்த ஆடை ஆலை 2012 செப்டம்பர் 11 அன்று எரிந்தது. 250க்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். ஜன்னல்களில் கம்பி, வெளியேறும் வழிகள் பூட்டு. அதற்குச் சில வாரங்கள் முன்னால்தான் அந்த ஆலைக்கு எஸ்ஏ 8000 என்ற சர்வதேசத் தொழிலாளர் நலச் சான்றிதழ் கிடைத்திருந்தது. அதன் முக்கிய வாடிக்கையாளர் ஜெர்மனியின் கிக் என்ற மலிவு விலைக் கடை. பாதிக்கப்பட்டவர்கள் ஜெர்மனியின் டோர்ட்மண்ட் கோர்ட்டுக்குப் போனார்கள். 2019 ஜனவரியில் வழக்கு தள்ளுபடி ஆனது. கிக் பொறுப்பா இல்லையா என்று கோர்ட் தீர்ப்பு சொல்லவில்லை. பாகிஸ்தான் சட்டப்படி வழக்குப் போடுகிற கெடு தாண்டிவிட்டது என்றது, அவ்வளவுதான். பேச்சுவார்த்தையில் 50 லட்சம் டாலருக்குச் சற்று மேல் நஷ்டஈடு கிடைத்தது தனி.

ஏழு மாதம் கழித்து, 2013 ஏப்ரல் 24 அன்று டாக்கா அருகே ராணா பிளாசா எட்டு மாடிக் கட்டடம் சரிந்தது. 1,134 பேர். முந்தின நாளே சுவரில் விரிசல் தெரிந்தது. கீழே இருந்த பேங்க்கும் கடைகளும் மூடிவிட்டன. மேலே இருந்த தையல் ஆலைகள் மட்டும் ஆட்களை உள்ளே போகச் சொன்னன. ஆர்டருக்குக் கெடு இருந்தது. உள்ளே போகாவிட்டால் சம்பளம் கிடைக்காது என்று மிரட்டப்பட்டதாக உயிர் தப்பியவர்கள் சொன்னார்கள். அந்த ஆலைகளில் சிலவற்றையும் ஆடிட்டர்கள் பார்த்துவிட்டுத்தான் போயிருந்தார்கள். கட்டடம் நிற்குமா என்பது அவர்களுடைய தாளில் ஒரு கேள்வியாக இல்லை. எங்கள் ஆபீஸுக்கு வந்த ஆடிட் தாளில் கிலோ கூலிக்குக் கட்டம் இல்லாதது போலத்தான்.

ஆடிட்டர் கெட்டவர் என்று சொல்ல வரவில்லை. அவருக்கு ஒரு நாளோ இரண்டு நாளோதான் கிடைக்கும். வருகிற தேதி பல சமயம் ஆலைக்கு முன்பே தெரியும். கட்டணம் கொடுப்பது பல இடங்களில் ஆலை முதலாளியே. வருகைப் பதிவேடு இரண்டு வைத்திருப்பது, அதிலும் இரண்டாவதைத்தான் அழகான கையெழுத்தில் வைத்திருப்பது, ஆலைகள் உள்ள எல்லா ஊரிலும் தெரிந்த வித்தை. இதையெல்லாம் தாண்டி ஒரு நல்ல ஆடிட்டர் குறையைக் கண்டுபிடித்து எழுதினாலும், சரி செய்கிற செலவு ஆலையின் தலையில் விழும். வாங்குகிற கம்பெனி அடுத்த வருடமும் போன வருட விலையைத்தான் கேட்கும்.

விலைதான் இதில் பேசப்படாத ஆள். எங்கள் அண்டி ஆபீஸையே எடுத்துக்கொள்ளுங்கள். கொட்டை ஐவரி கோஸ்ட்டிலிருந்தோ தான்சானியாவிலிருந்தோ கொல்லத்துக்கோ தூத்துக்குடிக்கோ வருகிறது. அதன் விலை உலகச் சந்தையில் முடிவாகிறது, உள்ளூர் முதலாளியால் அதை அசைக்க முடியாது. ஒரு கிலோ பருப்புக்கு நாலைந்து கிலோ கொட்டை வேண்டும். பருப்பை வாங்குகிறவன் டபிள்யூ 320க்கு இவ்வளவுதான் என்கிறான். தரமாட்டேன் என்றால், ஆலைகளை மிஷின்மயமாக்கி இந்தியாவை ஏற்றுமதியில் முந்திப்போன வியட்நாம் இருக்கிறது. மேலேயும் கீழேயும் இறுகிய இரண்டு விலைகளுக்கு நடுவில் முதலாளி கை வைக்கக்கூடியது எது? கரண்ட் பில்லில் கை வைக்க முடியாது, பேங்க் வட்டியில் முடியாது. கிலோ கூலியில் முடியும். முழுப்பருப்பு உடைந்தால் அந்த நஷ்டத்தில் ஒரு பங்கை உரித்தவளின் கணக்கில் எழுதலாம். 10 பேர் ஆனாலே இஎஸ்ஐ வரும் என்றால், ஒரே காம்பவுண்டுக்குள் இரண்டு பெயரில் இரண்டு ஆலை நடத்தலாம். இதையெல்லாம் செய்கிற முதலாளி நல்லவனா கெட்டவனா என்ற பட்டிமன்றம் எனக்கு அலுத்துவிட்டது. அவன் செய்யாவிட்டால் ஆர்டர் செய்கிறவனிடம் போகும்படி ஏற்பாடு அமைந்திருக்கிறது. அந்த ஏற்பாட்டை அமைத்தவன் ஆடிட் ரிப்போர்ட்டைப் படிக்கிற இடத்தில் இருக்கிறான், ரிப்போர்ட்டுக்குள் இல்லை.

2020 மார்ச்சில் இது அப்பட்டமாகத் தெரிந்தது. கொரோனாவால் கடைகள் மூடியதும் மேற்கத்திய ஆடைக் கம்பெனிகள் வங்கதேசத்துக்கு மட்டும் 300 கோடி டாலருக்கும் மேலான ஆர்டர்களை ரத்து செய்தன அல்லது நிறுத்திவைத்தன. அதில் தைத்து முடித்த துணியும் அடக்கம். சரக்கு கைக்கு வந்து சில வாரம் கழித்துத்தான் காசு என்பது ஒப்பந்தம்; அதனால் துணி வாங்கிய கடனும் தைத்த கூலியும் ஆலையின் தலையில் நின்றன. நன்னடத்தை விதித்தொகுப்பு அப்போதும் சுவரில் ஒட்டியபடியே இருந்தது.

கையெழுத்துக்குப் பல் வைத்தபோது

அப்படியானால் எதுவுமே பலிக்கவில்லையா என்றால், பலித்தவை உண்டு. ராணா பிளாசா விழுந்து ஒரு மாதத்துக்குள் கையெழுத்தான வங்கதேச அக்கார்ட் என்ற கட்டடப் பாதுகாப்பு ஒப்பந்தம் அதில் முதன்மையானது. ஒரு பக்கம் 200க்கும் மேற்பட்ட ஆடைக் கம்பெனிகள், மறுபக்கம் உலகத் தொழிற்சங்கக் கூட்டமைப்புகள் இரண்டும் வங்கதேசச் சங்கங்களும். இது சுவரில் ஒட்டும் தாள் இல்லை; சட்டப்படி கட்டுப்படுத்தும் ஒப்பந்தம். இன்ஜினியர்கள் 1,600க்கும் மேற்பட்ட ஆலைகளைப் பார்த்தார்கள், கண்டது எல்லாம் பொதுவில் வெளியானது. பழுது பார்க்க ஆலைக்குப் பணம் கிடைக்கும்படி பார்த்துக்கொள்வது வாங்குகிற கம்பெனியின் கடமை என்று எழுதியிருந்தது. திருத்திக்கொள்ளாத ஆலையிடம் யாரும் வாங்கக்கூடாது. ஆபத்து என்று தெரிந்தால் உள்ளே போகமாட்டேன் என்று சொல்ல தொழிலாளிக்கு உரிமை உண்டு. விரிசல் கண்ட அன்று அந்த 1,134 பேருக்கு இல்லாமல் போனது அதுதான். கம்பெனி வார்த்தை மாறினால் நடுவர் மன்றத்துக்கு இழுக்கலாம். இழுத்தும் இருக்கிறார்கள்: 2018 ஜனவரியில் ஒரு கம்பெனி 23 லட்சம் டாலர் கொடுத்து வழக்கை முடித்துக்கொண்டது.

இறந்தவர்களுக்கான நஷ்டஈட்டு நிதி 3 கோடி டாலரை எட்ட மட்டும் 2015 ஜூன் வரை, இரண்டு வருடத்துக்கு மேல், ஆனது. அதற்குக் கட்டாயம் இல்லை, விரும்பியவர் கொடுத்தார். கட்டாயம் இருந்த இடத்தில் கதவுகளும் படிக்கட்டுகளும் மாறின. விருப்பத்துக்கு விட்ட இடத்தில் உண்டியல் குலுக்க வேண்டி வந்தது.

எங்களுக்குப் பக்கத்திலேயும் ஓர் உதாரணம் உண்டு. 2021 ஜனவரியில் திண்டுக்கல் பகுதியில், ஏற்றுமதிக்குத் தைக்கும் ஓர் ஆலையில் வேலை பார்த்த 20 வயது தலித் பெண் கொலை செய்யப்பட்டார். அந்த ஆலையில் பாலியல் தொல்லை பற்றிய புகார்கள் வெளியே வந்தன. பெண்களே தலைமை ஏற்று நடத்தும் தமிழ்நாடு ஜவுளி மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம் வெளிநாட்டு அமைப்புகளோடு கைகோத்து விடாமல் நின்றது. 2022 ஏப்ரலில் திண்டுக்கல் ஒப்பந்தம் வந்தது. ஆலை நிர்வாகம், சங்கம், ஸ்வீடன் ஆடைக் கம்பெனி எச் அண்ட் எம், பிறகு அமெரிக்கக் கம்பெனிகள் கேப், பிவிஎச் என்று எல்லாரும் கையெழுத்துப் போட்டார்கள். ஆலைத் தளத்தில் தொழிலாளர்களிலிருந்தே கண்காணிப்பாளர்கள். புகாரைச் சரிவரத் தீர்க்காவிட்டால் ஆர்டர் பாதிக்கப்படும். ஒரு சூப்பர்வைசரின் கையை ஸ்வீடனிலிருந்து பிடித்து நிறுத்த முடியும் என்று பத்து வருடம் முன்னால் யாராவது சொல்லியிருந்தால் நான் நம்பியிருக்க மாட்டேன்.

சட்டங்களும் மெதுவாக வருகின்றன. 2011இல் ஐநா மனித உரிமைக் கவுன்சில் ஏற்ற வழிகாட்டு நெறிகள் ஒரு நல்ல வாசலைத் திறந்தன: காப்பது அரசின் கடமை, மதிப்பது கம்பெனியின் பொறுப்பு, கெட்டது நடந்தால் பரிகாரம் இருவர் வேலையும். ஆனால் அவை நெறிகள்தான், சட்டம் இல்லை. பிரான்ஸ் 2017இல் சட்டம் போட்டது. ஜெர்மனியின் விநியோகச் சங்கிலிச் சட்டம் 2023 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. அதில் ஒரு நுணுக்கம் எங்களுக்கு முக்கியம். நேரடியாகச் சரக்கு கொடுப்பவரிடம் கம்பெனி முன்கூட்டியே ஆபத்துகளைப் பார்க்க வேண்டும். அதற்கும் அப்பால் இருப்பவரிடம், ஏதோ தப்பு நடப்பதாக உறுதியான தகவல் கிடைத்தால்தான். ஒரு ஜெர்மன் சூப்பர்மார்க்கெட்டுக்கு நேரடியாகப் பருப்பு கொடுப்பவர் அந்த நாட்டிலேயோ ராட்டர்டாமிலேயோ இருக்கிற இறக்குமதியாளர். கருங்கல் பக்கத்து ஆபீஸ் மூன்றாவது, நான்காவது படியில் இருக்கிறது. திண்ணையில் உரித்த பெரியம்மை எந்தப் படியிலும் இல்லை. ஐரோப்பிய ஒன்றியம் மொத்தமும் இப்படி ஒரு சட்டத்தை 2024இல் நிறைவேற்றியது. மறு வருடமே நடைமுறைக்கு வரும் தேதியைத் தள்ளினார்கள், யாருக்குப் பொருந்தும் என்ற வட்டத்தைச் சுருக்கும் வேலையும் தொடங்கியது.

படி எவ்வளவு முக்கியம் என்பதற்கு முந்திரியிலேயே சான்று உண்டு. வியட்நாமில் போதை மறுவாழ்வு மையங்கள் என்ற பெயரில் இயங்கிய அரசு முகாம்களில் அடைத்து வைக்கப்பட்டவர்களைக் கட்டாயப்படுத்தி முந்திரி உடைக்க வைத்ததை ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் 2011இல் வெளிக்கொண்டு வந்தது. அந்தப் பருப்பு மற்ற பருப்போடு கலந்துவிட்டால் எந்த டின்னில் எது என்று யாராலும் பிரிக்க முடியாது. கிரேடிங் என்பதே அதுதானே: அளவும் நிறமும் ஒன்றானால் ஊர் ஒரு பொருட்டில்லை.

இந்தியாவில் கம்பெனிப் பொறுப்பு என்றதும் நம் மனதில் வருவது பள்ளிக்கூடக் கழிவறையும் ஆஸ்பத்திரிக்கு ஆம்புலன்ஸும். 2013 கம்பெனிச் சட்டத்தின் 135ஆம் பிரிவு, குறிப்பிட்ட அளவுக்கு மேல் பெரிய கம்பெனிகள் மூன்று வருடச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்கிறது. சொந்தத் தொழிலாளிகளுக்கும் குடும்பத்துக்கும் மட்டும் செய்வது அந்தக் கணக்கில் சேராது. நியாயமான விதிதான்; சம்பளத்தைத் தர்மம் என்று எழுதிவிடக்கூடாதே. ஆனால் லாபம் வந்த பிறகு 2 சதவீதத்தில் என்ன செய்தாய் என்று கேட்பது வேறு, அந்த லாபம் வந்த வழியில் யார் கை வெந்தது என்று கேட்பது வேறு. முதல் கேள்விக்குப் பலகையும் திறப்பு விழாவும் உண்டு. இரண்டாவதற்கு, பங்குச் சந்தையில் உள்ள முதல் 1,000 கம்பெனிகள் நிரப்ப வேண்டிய செபியின் பொறுப்பறிக்கைப் படிவத்தில் இப்போது சில பக்கங்கள் இருக்கின்றன. முந்திரி பேக் செய்கிற பெரும்பாலானவர்கள் அந்தப் பட்டியலின் பக்கத்திலேயே வரமாட்டார்கள்.

இன்னொரு மாற்றத்தையும் சொல்ல வேண்டும். உலகத்தில் அதிகம் முந்திரி தின்கிற நாடு இப்போது இந்தியாதான். முன்பு நியூயார்க்குக்குப் போன பருப்பில் பெரும்பங்கு இப்போது காஜு கத்லியாகவும் பொங்கலில் மிதந்தும் நம் வயிற்றுக்கே போகிறது. ஜெர்மன் சட்டம் இதைத் தொடாது. கண்ணாடி போட்ட ஆடிட்டரும் வரமாட்டார். அவர் வந்தபோது குறை சொன்னேன்; வராமல் போனால் அந்த ஒரு நாள் தொப்பியும் கிடையாது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். தொழிற்சாலை என்று சட்டம் கணக்கில் எடுக்கிற ஆள் எண்ணிக்கை மின்சாரம் உள்ள இடத்துக்கு 10, இல்லாத இடத்துக்கு 20 என்று 1948 முதல் இருந்தது. புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பு அதை 20, 40 என்று ஆக்கியிருக்கிறது. சின்ன ஆபீஸ்கள் அப்படியே சட்டத்தின் கண்ணுக்கு வெளியே போய்விடும்.

போன மாதம் மார்த்தாண்டத்தில் ஒரு சூப்பர்மார்க்கெட்டில் கால் கிலோ பாக்கெட் ஒன்று வாங்கி வந்தேன். டபிள்யூ 240. பின்பக்கம் எடை, விலை, பேக் செய்த தேதி, காலாவதி, பேக் செய்தவரின் முகவரி, 14 இலக்க உணவு லைசென்ஸ் எண், சத்து அட்டவணை எல்லாம் இருந்தன. பேக் செய்தவர் முகவரி வேறு மாநிலம். கொட்டை எந்த நாடு, உடைத்தது எந்த ஊர் என்பதற்கு இடமே விட்டிருக்கவில்லை.

பாக்கெட்டைப் பெரியம்மையின் கையில் கொடுத்தேன். படிக்கிற கண்ணாடியைத் தேடவில்லை அவர். பிரித்து, நாலைந்தை உள்ளங்கையில் கொட்டி, ரேகை இல்லாத பெருவிரலால் ஒவ்வொன்றாக உருட்டிப் பார்த்தார். ஒரு பருப்பின் வளைவில் நூல் மாதிரி தொலி ஒட்டியிருந்தது. எனக்கு அது கண்ணுக்கே தெரியவில்லை.

"புதுப் பிள்ளை ஒரிச்சிருக்கு" என்றார். "இதுக்குக் கிலோவுல பிடிச்சிருப்பாங்க."